பள்ளிவாசல் படியில் ஒரு கதிரை

சக்கரக் கதிரையைத் தள்ளத் தெரியாதவன் உலகத்தில் ஒருவனும் இல்லை. கேட்டுப் பாருங்கள், தெரியாது என்று சொல்ல மாட்டான். இப்படித் 'தெரிந்தவர்களிடமிருந்து' புருஷனைக் காப்பாற்றிக் காப்பாற்றியே றுஸைனாவுக்கு மூன்று வருஷத்தில் இடுப்பு ஒடிந்துவிட்டது.

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்ததில் புருஷன் லாபிருக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போயிற்று. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மனுஷன் அதையும் சேர்த்து மடக்கி வைத்துவிட்டார். போன பெருநாளைக்கு இரண்டு நல்ல மனசுக்காரர்கள் கை வைக்கிற கட்டையைப் பிடித்துக் கதிரையைத் தூக்க, கட்டை கழன்று கையோடு வர, ஆள் முகம் குப்புற விழுந்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை. கத்தியது றுஸைனாதான். அதில் வாயாடி என்ற பேரும் அவளுக்குத்தான் வந்தது.

இன்று மகள் றிப்னாவுக்கு மாத்தளைப் பள்ளிவாசலில் நிக்காஹ்.

"அந்தப் படியில போய் என்னத்துக்கு அல்லாடுறது? தம்பிக்குப் பதிலா நான் நின்னு புள்ளையக் குடுக்கிறேன்" என்றார் லாபிரோடு கூடப் பிறந்த நானா அப்துல் ஸமத்.

"பெத்த வாப்பா உசிரோட இருக்கிறப்ப வேற ஆள் எதுக்கு?" என்று ஒற்றைக் காலில் நின்றவள் றுஸைனா. லாபிர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே இன்று அவர் விழுந்தால் அதுவும் அவள் தலையில்தான் விடியும்.

அலுவிகாரையிலிருந்து பக்கத்து வீட்டு ஹுஸ்னியின் த்ரீவீலில் வந்தார்கள். கால் தட்டுகளைக் கழற்றி மடியில் வைத்து, இருக்கைத் துணியை நடுவில் பிடித்துத் தூக்கிக் கதிரையை மடித்து, வழி நெடுக முழங்காலோடு அணைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிவாசல் கேட்டடியில் அதை விரித்து, பிரேக் போட்டு, அவரை இறக்கி உட்கார வைப்பதற்குள் கல்யாணத்துக்கு உடுத்த உடுப்பு முதுகோடு ஒட்டிவிட்டது. அதற்கு மேல் அவள் போக முடியாது. உள்ளே ஆண்கள் சபை.

மாப்பிள்ளையின் தம்பி றிஸ்கான் இரண்டு பேரோடு ஓடிவந்தான்.

"தம்பி, கை வைக்கிற கட்டையப் புடிக்க வேணாம், கழண்டு வந்துரும். படியில பின்பக்கமாத்தான் ஏத்தணும். ஒருத்தர் மேல நின்னு..."

"நாங்க பாத்துக்கிறோம் மாமி. நீங்க போய் ஒக்காருங்க."

சொல்லி முடிப்பதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படிக் கத்துவது? உடம்பில் தெம்பும் இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் படியில் மூவரும் குனிந்தார்கள். றிஸ்கானின் கை நேரே அந்தக் கட்டைக்குத்தான் போயிற்று. யா அல்லாஹ் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"கைய எடு!"

பள்ளிவாசலே திரும்பிப் பார்த்தது. குரல் லாபிருடையது.

"அது கழண்டு வரும். கதிரையத் திருப்பு. நீ மேல நின்னு பின் கைப்பிடியப் புடி. நீங்க ரெண்டு பேரும் கீழ நின்னு இந்தக் கம்பியப் புடிங்க. சக்கரத்துல கை வைக்காதீங்க, உருளும். மெல்ல இழு. ஒவ்வொரு படியா. நான் சொன்னாத்தான் அடுத்தது."

அத்தனையும் அவளுடைய வார்த்தைகள். மூன்று வருஷமாகத் தொண்டை வற்ற அவள் கத்தியதெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. கதிரையைத் திருப்பியதால் அவர் முகம் இப்போது கேட்டைப் பார்த்திருந்தது. இத்தனை நாளும் பின்னால் நின்று தள்ளியவளுக்கு அவருடைய பின்னந்தலைதான் பழக்கம். படியேறப் படியேற அவர் அவளையே பார்த்துக்கொண்டு போனார்.

ஆள் பத்திரமாக மேலே சேர்ந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்படியென்றால் இத்தனை காலமும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

த்ரீவீலுக்குள் போய்ச் சாய்ந்தாள். உள்ளே மகளின் பேரைச் சொல்லி மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கும் லாபிரின் குரல் ஒலிபெருக்கியில் தடுமாறாமல் கேட்டது.

"முடியிற நேரம் படியடிக்குப் போவமா தாத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான் ஹுஸ்னி.

"அவரே சொல்லி எறங்குவாரு. என்னைய எழுப்ப வேணாம்."

முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள். பிறகு தூங்கிப்போனாள்.