குதிரை ஏற்றிய துப்பாக்கி

ஸ்க்ரூடிரைவரின் முனை இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது, எண்ணெய் விட்ட கல்லில் மறுபடி தேய்க்கிறேன், துடைக்கிறேன், துப்பாக்கித் திருகின் தலையில் உள்ள வெட்டில் வைத்துப் பார்க்கிறேன், பாதி இறங்கி நின்றுவிடுகிறது, நகத்தைவிட மெல்லிய வெட்டு, யாரோ அரம் பிடித்துக் கையாலேயே போட்டது, கடையில் விற்கிற ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு மாதிரி, வெட்டின் மேல்விளிம்பை மட்டும் கவ்வும், பலம் கொடுத்தால் வழுக்கி ஏறி விளிம்பைப் பிய்த்துவிடும், அதனால்தான் இரண்டு பக்கமும் சமமாக, வெட்டின் அடிவரை நிரம்பும்படி தேய்க்கிறேன், அகலம் திருகின் தலையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சுற்றியுள்ள தகட்டைக் கீறும், இன்னும் எவ்வளவு நேரம் மேடம், என்று வாசலில் நின்று காப்பாட்சியர் அருமைநாயகம் கேட்கிறார், ஆகும்போது ஆகும் சார், என்கிறேன் தலையைத் தூக்காமல்.

பழைய ஜமீன் அரண்மனையை அருங்காட்சியகமாக்கியபோது அங்குள்ள பொருள்களைப் பாதுகாக்கும் வேலைக்கு வந்தவள் நான், இந்தத் துப்பாக்கி எனக்கும் முன்பே வந்து, ஒரு பெட்டியில் சாக்கு சுற்றிக் கிடந்தது, சாக்கைப் பிரித்தபோது அதன் குதிரை, சுத்தியல் போலத் தலை கொண்ட அந்த இரும்பு, பின்னால் இழுத்த நிலையிலேயே துருவேறி நின்றது, அது அடிக்க வேண்டிய இடத்தில், அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் செம்புக் கேப்பு ஒன்று பச்சை பிடித்து ஒட்டியிருந்தது, குழாய்க்குள் மரக்குச்சியை விட்டுப் பார்த்தேன், அடிவரை போகவில்லை, நாலு விரல் முன்பே தட்டி நின்றது, உள்ளே வெடிமருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருக்கின்றன, யாரையோ எதையோ சுட எடுத்துச் சுடாமலே வைத்துவிட்டார்கள், சார் இது லோடாகி இருக்கு, என்று அருமைநாயகத்திடம் ஓடினேன், அவர் சிரித்தார், அட போங்க மேடம், நூத்தம்பது வருஷத்து மருந்து, எப்பவோ நமுத்துப் போயிருக்கும், புதுக்கூடம் திறக்க அமைச்சர் வர்றார், இதைக் கையில பிடிச்சு போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படறார், அந்தக் குதிரையை மட்டும் இறக்கிக் குடுங்க.

குதிரை இறங்கினால் கேப்பில்தான் இறங்கும், கேப்பில் எண்ணெய் ஊற வைத்திருக்கிறேன், ஆனாலும் அதை நம்ப எனக்குத் தைரியமில்லை, பக்கத்தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றினால் குதிரையோடு, அதை இயக்கும் பூட்டு முழுதும் வெளியே வந்துவிடும், பிறகு அடிக்க ஒன்றும் இருக்காது, திருகின் வெட்டு ஒருமுறை பிய்ந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், துளைபோடும் மெஷினைத்தான் வைக்க வேண்டும், மருந்து நிறைந்த குழாய்க்குப் பக்கத்தில், இதையெல்லாம் சொல்லியும் இன்று காலை அருமைநாயகம் பைக் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சகாயத்தைக் கூட்டிவந்தார், சகாயம் திருகைப் பார்த்தான், பையிலிருந்து மஞ்சள் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரையும் ஒரு சுத்தியலையும் எடுத்தான், ஒண்ணுமில்லக்கா, தலையில ரெண்டு தட்டு தட்டுனா இளகிரும், என்றான், நான் துப்பாக்கியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டேன், தட்டுறதுன்னா என் கைமேல தட்டு, என்றேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம், என்றார் அருமைநாயகம்.

அந்தச் சொல், அதை எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறேன், அக்கா மங்கையின் பள்ளிக்கூட ஷூவுக்குள் அம்மா துணி அடைத்து என் காலில் மாட்டுகிறாள், அட்ஜஸ்ட் பண்ணிக்கடி, குதிகால் உரிந்து ரத்தம் காலுறையில் ஒட்டுகிறது, ஷூவை வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போய் உட்கார்கிறேன், டீச்சர் வெளியே நிறுத்துகிறார், நிற்கிறேன், நிற்கிற கால் அதற்குள் வளர்ந்துவிடுகிறது, கூடத்தில் தாம்பூலத் தட்டு, மாப்பிள்ளை வீட்டார், லக்னோவுல போய்ப் பழம்பொருள் பாதுகாக்கிற பயிற்சியெல்லாம் எதுக்கு, ஆணியும் துருவும் சுரண்டுறது ஒரு வேலையா, என்று ஒரு அம்மாள் கேட்கிறாள், மாமா என் காதருகே குனிந்து, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, நான் தட்டை எடுத்து அந்த அம்மாளின் மடியிலேயே திருப்பி வைக்கிறேன், மன்னிச்சுக்கங்க, எனக்குப் பொருந்தாது, மங்கை மட்டும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு லக்னோ ரயிலிலும் கேட்டது, இப்போதும் கேட்கிறது.

சகாயம் கோபித்துக்கொண்டு போய்விட்டான், முனை தேய்ந்துவிட்டது, வெட்டுக்குள் அடிவரை இறங்கி அசையாமல் நிற்கிறது, துப்பாக்கிக் குழாய் மணல் மூட்டையைப் பார்த்தபடி இருக்கிறது, சார் அறைக்கு வெளியே போங்க, என்கிறேன், இந்தத் தடவை அவர் போகிறார், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு திருப்புகிறேன், ஒன்றுமில்லை, மறுபடி அழுத்துகிறேன், மணிக்கட்டில் வலி ஏறுகிறது, கிறீச்சென்று ஒரு சத்தம், திருகு ஒரு மயிரளவு நகர்கிறது, விளிம்பில் ஒரு கீறல் இல்லை, இரண்டாவது திருகின் வெட்டு வேறு, அதற்கு வேறு முனை, மறுபடி கல், மறுபடி எண்ணெய், கடைசியில் பூட்டு குதிரையோடு என் கையில் வந்து உட்கார்கிறது, பிறந்த குழந்தை மாதிரி கனம்.

அமைச்சர் வந்தார், எங்கய்யா அந்தத் துப்பாக்கி, என்றார், அருமைநாயகம் என்னைப் பார்த்தார், உள்ளே இன்னும் குண்டு இருக்குங்க, எடுக்கிறவரைக்கும் யார் கையிலும் தர மாட்டேன், என்றேன், அமைச்சர் ஓரடி பின்னால் வைத்து, அப்ப அந்த வாளைக் குடுங்கம்மா, என்றார், அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஈயக்குண்டு வெளியே வந்தது, அதன் பின்னால் மருந்து, நமுக்காமல், மிளகுத்தூள் மாதிரி பொலபொலவென்று, ஒரு சிட்டிகையை முற்றத்தில் செங்கல்மேல் வைத்து அருமைநாயகத்தைக் கூப்பிட்டேன், நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி நீட்டினேன், வெள்ளைப் புகை சீறி எழுந்தது, அவர் சட்டென்று பின்வாங்கினார்.

இருந்தும் அருமைநாயகத்திடமிருந்து மெமோ வந்தது, மேலதிகாரியின் உத்தரவை அமைச்சர் முன்னிலையில் மறுத்தது உண்மையா, விளக்கம் தரவும், தட்டச்சு செய்யவில்லை, பேனாவை எடுத்து அதன் அடியிலேயே எழுதினேன், உண்மை, மறுத்தேன், அடுத்த தடவையும் மறுப்பேன், கையெழுத்துப் போட்டு, அவர் மேசைக்கு நானே கொண்டுபோய் வைத்தேன்.