டம்ளர் பக்கம் சாய்ந்த வீடு

ஊரப்பாக்கத்தில் அத்தாவுல்லாவின் வீடு போன ரம்ஜான் கழிந்து ஒரு எவர்சில்வர் டம்ளரின் பக்கமாகச் சாய்ந்தது. சுவர் விரிசல் விடவில்லை, கதவு இறுகவில்லை. கூடத்துத் தரை மட்டும் எல்லா மூலையிலிருந்தும் டம்ளரின் வாயைப் பார்த்து இறங்கிற்று. காரணம் தெருவுக்கே தெரியும். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவனைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காரர் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்த பந்தை உருட்டிவிடச் சொன்னார்கள். அது குழியைச் சுற்றிக்கொண்டு போனது; நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் பட்டறை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், கூடத்தில் டம்ளரைப் படுக்கவைத்து மட்டையால் பந்தை உருட்டினான். தலையைத் தூக்காதே, தோளை இறுக்காதே என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வருஷங்கள் போயின. பந்து ஒருநாளும் உள்ளே போகவில்லை.

மற்றதெல்லாம் போனது. அதுதான் அவன் மனைவி சித்திகாவுக்கு எரிச்சல். வெங்காயம் உருண்டு போனது, மாத்திரை போனது, வந்தவர்களின் செருப்புகூட நகர்ந்தது. கல்யாண ரவிக்கைகளுக்கு மணி வைக்கும் ஆரி வேலையை அந்தக் கூடத்தில்தான் அவள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கிண்ணத்தைத் திறந்தால் மணியெல்லாம் டம்ளருக்கு ஓடின. "மணி வைக்க வந்தோமா, பொறுக்க வந்தோமாக்கா?" என்று கேட்டுவிட்டு, படிக்க வந்த ஜென்சி வருவதை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம், கை படிஞ்சிடும்" என்றான் அத்தாவுல்லா. இதையே அவன் போன வருஷமும் சொன்னான்.

சித்திகா கொத்தனார் பென்னியைக் கூப்பிட்டாள். அவர் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குந்திப் பார்த்தார். தண்ணீர் நேராக டம்ளருக்குள் போனது.

"ஒடைச்சுப் போட்டாலும் திரும்ப சாயும்க்கா. பாய் அடிச்சு அடிச்சு வூடு கத்துகிச்சு. பாய்க்குத்தான் வரல."

"நீ கொத்து வேலயப் பாரு" என்றான் அத்தாவுல்லா.

"அதத்தான் பாத்துகினு கீறேன். நீ எங்க அடிக்கிறியோ அங்க வாட்டம் புடிக்குது பாய்."

தண்ணீர் வடியத் தரைக்கு வைக்கும் சரிவுதான் வாட்டம். கட்டும்போது மொட்டை மாடிக்கு அதை எவனோ தப்பாக வைத்துத் தொலைத்ததில், மழைக்கு மழை தண்ணீர் நின்று கூரை ஒழுகியது. சித்திகா டம்ளரை எடுத்துக்கொண்டு மாடியேறி, மழைக்குழாய் வாயருகே படுக்கவைத்தாள். "இனிமே இங்க அடிங்க. கூடத்துப் பக்கம் மட்டையோட வந்தீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

பக்ரீதுக்குள் கூடம் மட்டமானது. மணிகள் வைத்த இடத்தில் இருந்தன. ஜென்சி முதலில் வந்தாள், பிறகு மற்றவர்கள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தபோது மாடியில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. பந்து மட்டும் இன்னும் டம்ளரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. பக்கத்து வீட்டு மெட்டில்டா டீச்சர் தன் மாடியிலும் தண்ணீர் நிற்பதாகச் சொல்லி, பாயை ரெண்டு மாசம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். கார்த்திகை மழைக்குள் முடியாது, தைக்கு மேல் அனுப்புகிறேன் என்று சித்திகா சொல்லியிருக்கிறாள்.