பதினெட்டு மில்லிமீட்டர்

வெல்டர் அன்று காலை இரண்டு முறை குளித்தார். உடம்பிலோ உடுப்பிலோ உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று மருத்துவமனைத் தாளில் போட்டிருந்தது. பெல்ட், வாட்ச், மோதிரம் எல்லாம் மேஜைமேல் போயின. ஜிப்புக்கும் தடை என்பதால் நாடா வைத்த பைஜாமா. பிள்ளை பெற்று இருபது நாளான மனைவி படுத்தபடியே, "நோயாளி நீங்கதான்னு நெனச்சுப் படுக்க வெச்சிடப் போறாங்க" என்று சிரித்தாள். வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

நோயாளி அவருடைய மூத்த மகள். ஏழு வயது. வாய் ஓயாததால் வீட்டில் ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோ ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பேச்சின் நடுவிலேயே நின்றுபோகும். கண் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கை வெட்டும். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. அது கிளம்புகிற இடத்தைக் கண்டுபிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். "ஆனா பேச்சு உண்டாகுற இடத்தை ஒட்டி இருந்தா நான் கத்தியைத் தொட மாட்டேன்." அன்றைக்குப் போன தூக்கம் வெல்டருக்கு இன்னும் திரும்பவில்லை.

போன வருடம் வேறொரு இடத்தில் பெரிய இயந்திரத்துக்குள் தலையை வைத்து அசையாமல் இருக்கச் சொன்னார்கள். ரேடியோவை அசையாதே என்பதும் காற்றைக் கட்டி வை என்பதும் ஒன்றுதான். ஒன்றும் பதிவாகவில்லை. இங்கே இருந்ததோ இலேசான ஒரு தலைக்கவசம். அதில் சின்னச் சின்னக் கட்டைகளைச் செருகியிருந்தார்கள்.

"ஒவ்வொரு கட்டைக்குள்ளயும் ஒரு கண்ணாடிச் சிமிழ்" என்றார் இயற்பியல் ஆய்வாளரான ஒரு அம்மா. "அதுக்குள்ள ருபீடியம்னு ஒரு உலோகத்தோட ஆவி இருக்கு. லேசர் பட்டதும் அணுவெல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி நிக்கும். மூளை வேலை செய்யறப்போ வர்ற காந்தம் அதுங்களைக் கொஞ்சம் தள்ளாட வைக்கும். தள்ளாடுனா லேசர் காட்டிக் குடுத்துடும்."

"எவ்வளவு காந்தம் வருங்க?"

"பூமியோட காந்தத்துல பத்துக் கோடியில ஒரு பங்குகூடக் கிடையாது."

வெல்டருக்குத் தெரிந்த காந்தம் இரும்புத் தகடு தூக்கும் காந்தம். எறும்பின் காலடிச் சத்தத்தைக் கேட்கிற காதை யாரோ செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வெளிக் காந்தம் நுழையாதபடி அறைச் சுவரைத் தகடுமேல் தகடாக அடுக்கியிருந்தார்கள். தொழில் புத்தி போகுமா, இணைப்பு எங்கே என்று சுவரைத் தடவித் தேடினார். கிடைக்கவில்லை.

மகள் கவசம் மாட்டி உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். வெளியே திரையில் கோடுகள் மலைமலையாய் ஏறி இறங்கின. உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று ஆய்வாளர் மைக்கில் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று இவர் அடித்துச் சொன்னார்.

"மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

பிடித்தார். கோடுகள் அடங்கின. விட்டார். மறுபடியும் மலை எழுந்தது.

"நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"வெல்டிங். இருபத்திரெண்டு வருஷமா."

"புகையோட போன இரும்புத்தூள் உங்க நெஞ்சுல தங்கியிருக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அது அசையுது. நீங்க வெளிய வந்துடணும்."

எத்தனை தடவை குளித்தால் என்ன, நெஞ்சுக்குள் யார் தேய்ப்பது. தன் தொழிலே மகளுக்குக் குறுக்கே நிற்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது. வெளியே வந்து திரைக்கு முன் உட்கார்ந்தார். கனத்த கதவு மூடியது. அதன் பிறகும் பயந்து பயந்து, பாதி மூச்சுதான் விட்டார்.

உள்ளே ரேடியோ ஊமையாகிவிட்டது. படத்தைக் காட்டினால் பெயர் சொல்ல வேண்டும். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு கதவையே பார்த்தாள். அவள் பேசினால்தானே பேச்சின் இடம் தெரியும்.

வெல்டர் மைக்கைக் கேட்டு வாங்கினார். "பாப்பா, அப்பாவுக்கு ஒரு சந்தேகம். ரெண்டு தகடை ஒட்டணும்னா மொதல்ல பத்த வெச்சுட்டு அப்புறம் முகமூடி போடணும், அப்படித்தானே?"

இறுக்கிய உதடு பிரிந்தது.

"ஐயோ அப்பா, கண்ணு போயிடும். மொதல்ல முகமூடி."

"சரி, துருவை அப்படியே விட்டுடலாமா?"

"துருவைத் தேய்க்காம ஒட்டுனா ஒட்டுமா? இத்தனை வருஷமா என்னதான் பண்ணுனீங்க?"

அவ்வளவுதான், மடை திறந்தது. அப்பா தப்புத் தப்பாகக் கேட்க, மகள் தலையை ஆட்டி, கையை வீசி, நாற்பது நிமிடம் திட்டித் தீர்த்தாள். கவசமும் அவள் தலையோடு ஆடியது. அணுக்கள் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தன.

மதியத்துக்குள் அறுவை மருத்துவரும் வந்துவிட்டார். திரையில் மூளையின் படம். ஆய்வாளர் பதிவை மிக மெதுவாக ஓடவிட்டார். இடப்பக்கம் ஓரிடத்தில் வெளிச்சம் பூத்தது. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் 'முகமூடி' என்று மகளின் குரல் வந்தது. ஆனை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். சொல்லுக்கும் மணியோசை உண்டென்று வெல்டர் அன்றுதான் கண்டார். தான் பெற்ற பிள்ளையின் சொல், சொல்லாவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று எந்த அப்பன் பார்த்திருக்கிறான்?

"இது பேச்சு" என்றார் ஆய்வாளர். பிறகு வேறோர் இடத்தைக் காட்டினார். அங்கே அவ்வப்போது ஒரு சின்னப் பொறி தட்டி அணைந்தது. "வலிப்பு இங்கேருந்துதான் கிளம்புது."

"ரெண்டுக்கும் நடுவுல?" என்றார் மருத்துவர்.

"பதினெட்டு மில்லிமீட்டர்."

மருத்துவர் வெல்டர் பக்கம் திரும்பினார். "அது எவ்வளவுன்னு உங்களுக்கு..."

முடிப்பதற்குள் வெல்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். ஆய்வாளர் விளையாட்டாக ஸ்கேலை வைத்துப் பார்த்தார். மிகச் சரியாகப் பதினெட்டு.

"இவ்வளவு இடம் குடுத்தா நான் கண்ணை மூடிட்டுப் பத்த வெப்பேன் டாக்டர். நீங்க கண்ணைத் தொறந்துக்கிட்டே பண்ணுங்க. போதுமா?"

மருத்துவர் அந்த விரல்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"போதும். பண்ணிடலாம்."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை வெல்டர் அப்போதுதான் முழுசாக விட்டார். பிஸ்கட்டோடு ஓடிவந்த மகளைத் தூக்கிக்கொண்டார். அவள் அவர் நெஞ்சில் காதை வைத்து வெகு நேரம் கேட்டாள்.

"இரும்புச் சத்தமே வரலையேப்பா."

"அது மெஷினுக்குத்தான் கேக்கும் பாப்பா."

"நாளையிலேருந்து மூக்குக்கும் முகமூடி போடுங்க" என்றாள் ரேடியோ. அதோடு நிறுத்தினாளா என்றால் இல்லை, வீடு வரும்வரை அதையேதான் பேசினாள்.