கன்னிமூலைக் கக்கூஸ்

எங்கள் வீட்டுக்காரர் இஞ்ஞாசிக்கு மஸ்கட்டில் வேலை. நாற்பத்தைந்து நாள் லீவு. மார்த்தாண்டத்தில் பதினோரு வருடமாக வாடகை வீடு. இந்த லீவிலாவது சொந்த வீட்டில் குடியேறாவிட்டால் இனி இவர் பேச்சை நம்புவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

“கெட்டினா மூணு வருசம் மேஸ்திரிக்க பின்னால ஓடணும் சத்தியா. கெட்டின வீடா வாங்குவோம். சாவியப் போட்டுத் தொறந்து கேறிருவோம்” என்றார். ஆகா, என்ன அறிவு! நானும் பூரித்துப்போனேன்.

குழித்துறைப் பக்கம் ரிட்டையரான வாத்தியார் ஒருவரின் வீடு அமைந்தது. முப்பது வருடம் அவர் சுகமாக வாழ்ந்த வீடு. பிள்ளைகள் இரண்டும் டாக்டர்கள். பதிவு முடிந்தது. ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கச் சர்ச்சின் பங்குச் சாமியார் தேதியும் கொடுத்துவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறு பூசை தவறாத இந்த மனுஷன், யாரோ சொன்னார்கள் என்று வாஸ்துக் கணக்குப் பார்க்கிற ஆசாரியைக் கூட்டிவந்தார். வாங்குவதற்கு முன்னால் கூட்டிவந்திருந்தாலாவது புண்ணியம் உண்டு.

ஆசாரி டேப்பைப் பிடித்து அளந்து உதட்டைப் பிதுக்கினார். முதல் வாரம் வாசல் நிலை பெயர்ந்தது. அடுத்த வாரம் அடுக்களை போயிற்று. சாமியார் கொடுத்த தேதியும் போயிற்று. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம், “புது வீடு கெட்டுதியளா?” என்று விசாரித்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

லீவில் ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது ஆசாரி பெரிய குண்டாகப் போட்டார். “தென்மேற்கு கன்னிமூலையாக்கும். அங்க கக்கூஸ் இருக்கு. குடும்பம் வெளங்காது. ஒட்டின படுக்க முறியோட சேத்து இடிக்கணும்.”

“வாத்தியாரு முப்பது வருசம் இதுலதானே இருந்தாரு? அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்றேன்.

“அவருக்குத் தெரியாது, அதனால அது ஒண்ணும் செய்யல்ல. நமக்குத் தெரிஞ்சு போச்சுல்லா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“அப்போ எப்ப குடியேறது?”

“அடுத்த லீவுக்கு. ரெண்டு வருசம்தானே, பொறுக்க மாட்டியா?”

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. மறுநாள் கடப்பாரைக்காரர்கள் வருமுன்னே பாய், தலையணை, ஸ்டவ் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் படுக்கையறையில் இறக்கி, உள்ளே தாழ் போட்டேன்.

“ஏட்டி, வெளிய எறங்கு! ஆளுவ நிக்கியாவ, மானம் போவுது!” ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“நீங்க வாடகை வீட்டுக்குப் போங்க” என்றேன். “நான் குடியேறியாச்சு.”