காலி அறையின் மூச்சு

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: கோச், அவர் ‘கொக்கு’ என்று கூப்பிடும் ஓட்டக்காரி, அவளுடைய அக்கா, மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அளவை அறை. அதில் யாரும் இல்லை. ஆனால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறை பெரிதல்ல. ஒரு கட்டில், காற்றுப் புகாத கதவு, கூரையில் ஒரு மைக். ஒரு குழாய் வழியே காற்று உள்ளே போகும், இன்னொன்றின் வழியே வெளியே வரும். ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது, கரியமில வாயு எவ்வளவு கூடியது என்று பார்த்தால், படுத்திருப்பவரின் உடம்பு சும்மா இருக்கும்போது எவ்வளவு எரிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆள் உள்ளே போவதற்கு முன் காலி அறையை அளக்க வேண்டும். பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் அது மெஷினின் பிழை. வந்ததை ஆளின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். வேலையில் சேர்ந்தபோதே சொல்லிக்கொடுத்தார்கள். நானும் மாதக்கணக்கில் கழித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் ஒரு எலியின் மூச்சளவு. கட்டிலுக்கு அடியில் தேடினேன். கதவோரமெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு பூனையளவு. பிறகு ஒரு குழந்தையளவு. கொக்கு வந்து படுத்து எழுந்து போகப் போக, காலி அறை கூடிக்கொண்டே வந்தது. அவள் குறைந்துகொண்டே வந்தாள். உடம்பு சோம்பேறியாகிவிட்டது என்று கோச் பயிற்சியைக் கூட்டினார், சாப்பாட்டைக் குறைத்தார்.

உடம்பு எரிப்பது ஒரு வரம்புக்குக் கீழே போனால் ஓட அனுப்பமாட்டோம் என்று தேர்வுக்குழு டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் கடைசி அளவு. பள்ளிக்கூடத்திலிருந்தே இந்த ஒரு போட்டிக்காக ஓடிக்கொண்டிருந்தவள் அவள்.

கோச் திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா ராக்கோழி, காலி ரூமே இவ்வளவு காட்டுது? இதக் கழிச்சா கொக்கு பொணம் மாதிரில்ல வரும்?”

நான் முன்பிருந்த வேலையில் ராத்திரி ஷிஃப்டிலிருந்து பாதியில் ஓடிவந்தவன். அதனால் அந்தப் பெயர்.

“மெஷின் பிழை, சார்.”

“பிழைன்னா அது மெஷினோட தலையெழுத்து. அவளுக்கு ஏன் கழிக்கற? இன்னிக்குக் கழிக்காத.”

அக்கா கண்ணாடியருகே வந்தாள். “உள்ள மைக் இருக்குல்ல, தம்பி? போடுங்க.”

போட்டேன். ஸ்பீக்கரில் மூச்சு. இரண்டு முறை இழுத்து, ஒரு முறை விட்டது. விடும்போது மெல்லிய விசில், வளைந்த மூக்கெலும்பு உள்ளவர்களுக்கு வருவதுபோல. எல்லோரும் கொக்கின் வளைந்த மூக்கைப் பார்த்தோம். அதிலிருந்து சத்தமே இல்லை.

“ஒரே கட்டில்லதான் படுக்கறோம்,” என்றாள் அக்கா. “இந்த விசில் கேக்காம எனக்குத் தூக்கம் வராது. இப்பல்லாம் கட்டை மாதிரி கிடக்கறா. மூக்குல கை வெச்சு வெச்சுப் பார்க்கறேன்.”

கொக்கு சிரித்தாள். “நீதானே தாங்க முடியலன்னு காதுல பஞ்சு வெச்சுக்கிட்ட?”

“விளையாடாதடி. போட்டி கிடக்கட்டும். உள்ள போய்ப் படு. அது உங்கிட்ட திரும்பி வர்ற வரைக்கும் எந்திரிக்காத.”

“மத்தியானம் பஸ்ஸு, அக்கா. லிஸ்ட்ல என் பேரு வந்தாப் போதும். எங்க இருந்து மூச்சு விட்டா என்ன?”

அவள் உள்ளே போய்ப் படுத்தாள். நான் கழிக்கவில்லை. அறையினுடையதும் அவளுடையதும் சேர்ந்து, அவள் முதன்முதலாக வந்தபோது காட்டிய அதே எண் வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“பாத்தியா, குதிரை மாதிரி இருக்கா!” என்று கோச் என் முதுகில் தட்டினார். எண் டாக்டருக்குப் போனது. சரி என்று பதில் வந்தது.

கொக்கு வெளியே வந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். வாசலில் கண்ணாடிக் கதவோடு முகம் ஒட்ட நின்று, “போயிட்டு வரேன்க்கா” என்றாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை. கோச் அவளைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்.

ஸ்பீக்கரை நான் அணைக்கவில்லை. அந்த மூச்சு ஓடிக்கொண்டிருப்பவள் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தது. அறைக் கதவு திறந்தே கிடந்தது.

“அப்படித் திறந்து போடாதீங்க, தம்பி. வெளிய வந்தா எங்கன்னு போகும் அது?” அக்கா செருப்பைக் கழற்றினாள். “அவ ஓடி முடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் கூட யாராவது வேணாமா?”

“இங்க யாரையும் தங்கவிட மாட்டாங்க.”

“நீங்க சொன்னாத்தானே தெரியும்.”

உள்ளே போனாள். கட்டிலின் ஓரமாக, பாதியை விட்டுப் படுத்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் இரைப்பு தணிந்தது. விசில் நீளமாக, நிதானமாக வர ஆரம்பித்தது, தூக்கத்தில் வருவதுபோல.

“சாத்துங்க,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

சாத்தினேன். பூட்டினேன்.