தஸ்பீஹ் மணியில் ஒரு நிமிடம்

தராவீஹ் தொழுகைக்குப் போகத் தொப்பியை எடுத்த ஹாஷிம், அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. றம்லத் ஓடி வந்து கணவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர் மணிக்கூட்டின் சிவப்பு முள்ளில் கண்ணை வைத்து, துடிப்புக்கு ஒன்றாகத் தஸ்பீஹ் மணியைத் தள்ளினாள். முப்பத்துமூன்று மணி கோத்து, முனையில் குஞ்சம் கட்டிய ஜெபமாலை அந்தத் தஸ்பீஹ். எண்ணிக்கை தப்பாமலிருக்க அவளே கண்டுபிடித்த வழி அது. இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது தொடங்கினால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

முள் ஒரு வட்டம் வந்துவிட்டது. மணியோ முதல் சுற்றைத் தாண்டி ஐந்தில் நின்றது. முப்பத்தெட்டு.

படபடவென்று ஓடும் நெஞ்சை அடக்கத்தான் அவருக்குக் குளிசை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போனால் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டொக்டர். நோன்பும் வேண்டாமென்றார். இந்த மனிதர் கேட்டால்தானே. "காலையிலத்தயும் சேத்து நோம்பு தொறந்த பொறகு தா. மகளுக்கு மட்டும் சொல்லிராத" என்றுவிட்டார். பன்னிரண்டு நாளாக அவளும் பேரீச்சம்பழத்தோடு இரண்டு குளிசையை அவர் கையில் வைத்தாள். இன்றைக்கு நோன்பு திறக்கப் பாங்கு சொன்ன அவசரத்தில் நாடிகூடப் பார்க்கவில்லை. என்ன புத்தி கெட்ட வேலை!

மகள் ரிப்கா போனோடு வந்தாள். "த்ரீவீல் வருது உம்மா. ஆஸ்பத்திரியில கேப்பாங்க. வாப்பாக்கு இண்டைக்கு என்ன குடுத்தீங்க?"

ஹாஷிம் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்கிற பார்வை. முப்பது வருடத்தில் அந்தப் பார்வையை அவள் மீறியதில்லை.

"ரெண்டையும் ஒண்டாக் குடுத்தேன். பன்னெண்டு நாளா."

ரிப்கா குளிசைப் பையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பொல்கொல்லப் பாலத்து நெரிசலில் த்ரீவீல் நகரவில்லை. அவர் தலை றம்லத்தின் தோளில் கிடந்தது.

"நாளைக்கு நோம்பு..." என்றார்.

"நோயாளிக்கு அல்லாஹ் லேசாக்கித்தான் தந்தீக்கான். பேசாம இரிங்க."

மறுபடி மணிக்கட்டைப் பிடித்து, தஸ்பீஹ் மணியைத் தள்ளத் தொடங்கினாள். ரிப்கா போனில் நேரம் பார்த்தாள். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் றம்லத்துக்குத் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"நிமிஷம் முடிஞ்சி உம்மா."

குஞ்சத்துக்கு இன்னும் ஒரு மணி இருந்தது. அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.