கசாப்புக்காரர் தஹிருவின் வம்சம்

கசாப்புக்காரர் தஹிருவின் கருமாதியன்று ஃபுசெய்னாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. காரணம் செத்தவரின் மகன் இட்ரிசு. தலைநகர் அக்ராவில் கடை வைத்துப் பங்களா கட்டியவன். பாட வந்திருந்த அவளையும் கோஞ்சே வாசிக்கும் அவள் அண்ணன் சாலிஃபுவையும் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

“அண்ணே, அக்ராலேருந்து பெரிய மனுஷங்கல்லாம் வந்திருக்காங்க. அந்தக் கசாப்புப் பாட்டு வேணாம். எங்கப்பா ராஜ வம்சம்னு வாசிங்க.”

“எந்த ராஜா?” என்றாள் ஃபுசெய்னா.

“ஏதோ ஒரு ராஜா. உங்களுக்குத் தெரியாததா?”

ஏதோ ஒரு ராஜாவாம்! இவன் என்ன சந்தையில் சட்டையா எடுக்கிறான்? உடும்புத் தோல் போர்த்திய குடுக்கையில் வில்லால் இழுக்கும் ஒற்றைத் தந்திதான் கோஞ்சே. ஆனால் அதன் குரலைக் கேட்டாலே யாருடைய பாட்டன் பேர் வருகிறதென்று தமாலே ஊர் முழுக்கச் சொல்லிவிடும்; அந்த வம்சத்துப் பிள்ளைகள் எழுந்து ஆட வேண்டும். தஹிரு உயிரோடு இருந்தவரை, சந்தையில் அவருடைய முன்னோர் பேர் கேட்டால் போதும், பாதி வெட்டிய கறியை அப்படியே போட்டுவிட்டு ஆட வந்துவிடுவார். அவ்வளவு பெருமை அவருக்கு. அந்த மனிதரை மண்ணுக்குள் வைத்த கையோடு பேரையும் புதைக்கப் பார்க்கிறான் பெற்ற பிள்ளை.

“என் மகன் அவன் கடைலதான் வேலை பாக்குறான். வம்பு பண்ணாம கிலுக்கை ஆட்டு” என்று அண்ணன் முணுமுணுத்தான்.

சாலிஃபு வில்லை இழுத்தான். தந்தி ஏதோ ஒரு ராஜாவைக் கூப்பிட்டது. இட்ரிசு அகன்ற அங்கியை விரித்துக்கொண்டு களத்தில் இறங்கிச் சுழன்றான். அக்ரா விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஆடுகிறவருக்குச் செய்யும் மரியாதையாக அவன் நெற்றியில் பண நோட்டு ஒட்ட ஊர்க்காரர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த அவன் தாய் ரமாத்து தலை நிமிரவே இல்லை.

தந்திக்குப் பதில்பாட்டு பாட வேண்டியவள் ஃபுசெய்னா. கிலுக்கை மடியில் போட்டுக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

“பாடுடி!” என்றான் அண்ணன்.

“எந்த வாயால பாடச் சொல்றே? அவர் வெட்டிக் குடுத்த கறியத் தின்ன வாயாலயா? இன்னிக்கு அவர் பேரை வித்தே, நாளைக்கு நம்ம அப்பன் பேருக்கும் ஒருத்தன் வெலை கேப்பான். குடுத்துடுவியா?”

அண்ணனின் வில் தடுமாறியது. அவள் அதுவரை பொறுத்ததே அதிகம். கிலுக்கை ஓங்கித் தட்டித் தொண்டையைத் திறந்தாள். கசாப்புக்காரர் யாகூபு மகன் கசாப்புக்காரர் தஹிரு என்று அவள் குரல் பந்தலைத் தாண்டிப் போனது. சாலிஃபு கண்ணை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே வில்லை இழுத்தான்.

அதே வம்சத்துச் சந்தைக் கசாப்புக்காரர்கள் குபீரென்று எழுந்தார்கள். கத்தியோடு கத்தி தட்டி ஆடினார்கள். அவர்களுக்கு நடுவே ரமாத்துவும் ஆடினாள். அவள் நெற்றியில் நோட்டு ஒட்ட ஊரே முண்டியடித்தது.

“நிறுத்துங்க! மானம் போகுது!” இட்ரிசு பாய்ந்து வந்து சாலிஃபுவின் வில்லைப் பிடுங்கினான்.

ரமாத்து மூச்சு வாங்க நின்று மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஃபுசெய்னா, எம்புருஷன் வம்சத்துப் பிள்ளைங்க எல்லாம் இங்க என்கூட ஆடிக்கிட்டிருக்காங்க. இந்தத் தம்பி எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியல. வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பக்கம் சாப்பாடு போடுறாங்க, கூட்டிட்டுப் போய் உக்கார வை.”